யார் கொண்டையை யார் தின்னது

மே 12, 1986
கார்தா ஏரி

ஆமா, அறுத்துத்தான் போடறாங்க. நீ கேட்டதுக்கு அதுதான் பதில். ப்ரியோஷ் ரொட்டி அடுப்புலேர்ந்து வந்ததும் ஒருத்தன் ரொட்டிக் கத்தியால மேல இருக்கற கொண்டையைச் சர்ருனு சீவி பக்கெட்ல தள்றான். ரொட்டி மொட்டத் தலையோட மேஜைக்குப் போகுது. ஏன்டான்னு கேட்டா, கொண்டை இருந்தா கண்ணாடி மூடி சரியா உக்காராதாம். மூடியை மாத்த மாட்டாங்க, தலையை வெட்டுவாங்க.

வெனெரா அக்கா, நல்லா இருக்கியா? இதை மொதல்ல கேட்டிருக்கணும், கோவத்துல வரிசை மாறிப்போச்சு. எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. கையில மட்டும் ரெண்டு இடத்துல அடுப்பு சுட்டுருச்சு. எட்னா மலை சும்மா கெடக்கா?

இங்க ஹோட்டல் முதலாளி சிஞ்ஞோர் பெரேகோ, மிலான்காரர். "உலகத்துக் காலைச் சாப்பாடு"ன்னு ஒரு கூடம் தொறந்திருக்கார். பதினோரு மேஜை, மேஜைக்கு ஒரு குட்டிக் கொடி. சிசிலிக்குன்னு ஒரு மேஜை. நீ அந்த ஊர்க்காரன்தானே, தலையில தொப்பியை மாட்டிக்கிட்டு நில்லுன்னுட்டார். பனிக்கூழா உறைஞ்ச பாதாம் கிரானித்தாவைக் கரண்டியால அள்ளி ஊத்தறேன், பக்கத்துல மொட்ட ரொட்டி. வர்றவங்க ஃபோட்டோ எடுத்துட்டு இங்கிலாந்து மேஜைக்குப் போயிடறாங்க.

அப்பா எதாவது சொன்னாரா? நான் கப்பல் படிப்பை விட்டுட்டேன்னு சொன்ன மறுநாள் காலை ஞாபகம் இருக்கா உனக்கு? ஈஸ்டர் முடிஞ்ச வாரம். நம்ம கடையில, நம்ம பளிங்கு மேஜையில, மீன்காரங்க, நோட்டரி ஸ்குதேரி எல்லாரும் பாக்க. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து தன் ரொட்டிக் கொண்டையைப் பிச்சு என் கிளாஸ் விளிம்புல வைப்பார். நம்ம ஊர்ல கொண்டையை யாருக்குக் குடுக்கறோமோ அவங்கதான் நம்ம உசிரு, அது சின்னப் புள்ளைக்கும் தெரியும். அன்னிக்கு அவரே தின்னார். என் மூஞ்சைப் பாத்துக்கிட்டே. மெதுவா. மென்னு.

திட்டியிருந்தா இருந்திருப்பேன். ஃபோன் பண்ணுன்னு எழுதாதே. கடையில ஃபோனை அவர்தான் எடுப்பார்.

தலை சீவின ரொட்டியோட,
ஒராத்ஸியோ

மே 29, 1986
ஆச்சிரேயாலே

ஒராத்ஸியோவுக்கு,

சுட்ட இடத்துல தக்காளி தேய்க்காதே. பச்சத்தண்ணி போதும். நாங்க ரெண்டு பேரும் சுகம். மலை போன வாரம் தும்முச்சு, மாடியில காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் பட்டுக் கறுப்பு. திரும்பத் தோச்சேன்.

அப்பா ஒண்ணும் சொல்லல. நீ கேப்பேன்னு நானே பேச்செடுத்தேன். ஒராத்ஸியோ கடுதாசி போட்டிருக்கான்னேன். தபால்காரனுக்கும் பொழப்பு வேணும்லன்னுட்டு எலுமிச்சம்பழம் பிழியப் போயிட்டார்.

வியாழக்கிழமை கத்தானியா வரைக்கும் போனேன். சின்ன வேலைதான். சுவத்துல ஒரு லிஸ்ட் ஒட்டியிருந்தாங்க, பாத்துட்டு வந்தேன். வெயில்ல நின்னு தலைவலி வந்ததுதான் மிச்சம்.

உன் ஹோட்டல் சீசன் எப்ப முடியுது? தேதி தெரிஞ்சா எழுது.

சட்டையைத் தோச்சுப் போடறியா, இல்ல திருப்பிப் போடறியா?
வெனெரா

ஜூன் 9, 1986
கார்தா ஏரி

அக்கா,

தோச்சுத்தான் போடறேன். நீயும் அவரும் நல்லா இருந்தா சரி. என் கை ஆறிடுச்சு, வாய்தான் எரியுது.

"தபால்காரனுக்கும் பொழப்பு வேணும்." இதை எழுதறப்போ நீ சிரிச்சிருப்பே. எனக்குச் சிரிப்பு வரல. அந்த மனுஷனுக்கு ஒரே ஒரு புள்ளை.

இங்க என்ன நடக்குது கேளு. நேத்து இந்தியாவுலேர்ந்து ஒரு டாக்டர் வந்தார், பொண்டாட்டியோட. இந்தியா மேஜை முன்னாடி போய் நின்னாங்க. அதுல என்ன இருக்குன்னா மஞ்சச் சோறு, அதுல உலர்ந்த திராட்சை. அந்தம்மா மூடியைத் தொறந்து பாத்துட்டு மூடிட்டாங்க. டாக்டர் என்கிட்ட வந்து, காலங்காத்தால இதை எவன் திம்பான்னு கேட்டார். அவங்க ஊர்ல காலையில ஆவியில வேக வெச்சு, வெள்ளையா, உள்ளங்கை அளவுல, பஞ்சு மாதிரி ஒண்ணு இருக்காம். கையால வட்டம் போட்டுக் காட்டினார். காட்டும்போது அந்தாளு மூஞ்சைப் பாக்கணுமே. அவரோடதையும் அறுத்துட்டாங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. நான் என் மொட்ட ரொட்டியைக் காட்டினேன். அவர் அந்த வெட்டின இடத்தை விரலால தொட்டுப் பாத்தார்.

துருக்கி மேஜையில ஆளுக்கு மூணு ஆலிவ், எண்ணி வெக்கறாங்க. போலந்து மேஜையில புளிச்ச மாவு சூப்புல சர்க்கரை போட்டுட்டாங்க, பாத்திரம் கழுவற போலந்துக்காரி ஒருத்தி அழுதுட்டா. நான் பெரேகோகிட்ட நேராவே கேட்டேன், ஒரு ஊர் சாப்பாட்டை அந்த ஊர்க்காரன் தொட மாட்டான்னா அதுக்கு எதுக்குய்யா கொடின்னு. கொடி ஃபோட்டோவுல நல்லா வருதுன்னார்.

அறுத்த கொண்டையெல்லாம் எங்க போகுது தெரியுமா? ஏரியில வாத்துக்கு.

அப்பாகிட்ட சொல்லு. வாத்துக்குக் குடுக்கறாங்க, எனக்குத்தான் இல்லன்னு.

ஒராத்ஸியோ

ஜூலை 1, 1986
ஆச்சிரேயாலே

ஒராத்ஸியோவுக்கு,

லேட்டாயிடுச்சு, இங்க வேலை. உடம்பு பரவால்ல. அப்பாவும் பரவால்ல. முசுக்கட்டைப்பழம் வந்தாச்சு, என் விரலெல்லாம் கொலைகாரி கை மாதிரி இருக்கு.

ஒரு கூத்து நடந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை அப்பா பாதாம் கிரானித்தாவுல சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டார். முழு டப்பா. பூசை முடிஞ்சு ஊரே வந்து வாங்கிக் குடிச்சது. ஒருத்தர் வாயைத் தொறக்கல. ரொசாரியோ கடை கிரானித்தாவை எப்படிக் குறை சொல்றதுன்னு அத்தனை பேரும் முழுங்கிட்டாங்க. நோட்டரி ஸ்குதேரி கடைசிச் சொட்டு வரைக்கும் ரொட்டியில தொட்டுத் தின்னுட்டு, இன்னிக்கு ரொம்ப எடுப்பா இருக்கு ரொசாரியோன்னுட்டுப் போனார். மத்தியானம் நான் நக்கிப் பாத்தப்போதான் தெரிஞ்சுது. இப்ப டப்பாவெல்லாம் நானே எடுத்துக் குடுக்கறேன்.

கத்தானியாவுல ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினேன். நல்ல தடிமன். ஏன்னு கேக்காதே, கண்ணுல பட்டுது.

சீசன் முடியற தேதி கேட்டேனே. செப்டம்பர் பத்துக்கு முன்னாடி முடிஞ்சுடுமா?

வாத்து விஷயத்தை அப்பாகிட்ட சொல்லல.
வெனெரா

ஜூலை 11, 1986
கார்தா ஏரி

அக்கா,

எல்லாரும் சுகம்னு நெனச்சுக்கறேன், ஏன்னா ஜூலை மாசத்துல சிசிலியில கம்பளிக் கோட்டு வாங்கறவ சுகமா இருக்காளான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. யாருக்கு அது? மலைக்கா?

உப்புக் கதையைச் சமையக்கட்டுல சொன்னேன், எல்லாரும் உருண்டாங்க. ஆனா பாத்துக்கோ, ஊரே அந்த மனுஷனுக்காக உப்பை முழுங்குது. அவரால எனக்காக ஒரு வாய் ரொட்டியை முழுங்காம இருக்க முடியல.

நான் இப்ப பக்கெட்டை வாத்துக்கு விடறதில்ல. வேலைக்காரங்க சாப்பிடற ரூமுக்குக் கொண்டுபோறேன். அந்த போலந்துக்காரி, ஒரு போஸ்னியாக்காரன், ஒரு போர்த்துகீஸ் கிழவன். காப்பியில முக்கித் திங்கறாங்க. ஒவ்வொருத்தனும் அவனவன் ஊர்க் காலைச் சாப்பாட்டைச் சொல்லிச் சொல்லி இந்த ஹோட்டலைத் திட்டறான். நான் எல்லாருக்கும் எடுத்து நீட்டறேன். என் கையில ஒருத்தன் வெக்கல. அவங்களுக்கு அர்த்தம் தெரியாது, விடு. தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரே.

முடிவாச் சொல்றேன். அவர் மொதல்ல எழுதணும். ரெண்டு வரி போதும். தப்புன்னு எழுதணும். அது வர்ற வரைக்கும் நான் அங்க கால் வெக்க மாட்டேன், சீசன் முடிஞ்சாலும் சரி, ஏரி வத்தினாலும் சரி. உனக்கென்ன அவசரம்? கடையும் நீங்களும் எங்க ஓடிப்போகப் போறீங்க, அங்கேயேதானே இருப்பீங்க.

ஒராத்ஸியோ

ஆகஸ்ட் 4, 1986
ஆச்சிரேயாலே

ஒராத்ஸியோ,

நான் நல்லா இல்ல. நீ கேக்கவும் இல்ல, "நெனச்சுக்கறேன்"னு எழுதியிருக்கே.

ஜூலை 26 போச்சு. நம்ம ஊர்ப் புனிதை சாந்தா வெனெரா திருவிழா. என் பேர் நாள். இருபத்திரெண்டு வருஷம் ஒரே வீட்ல இருந்தவன், ஒரு தபால் அட்டை போடல. சரி, அது போகட்டும்.

உன் கடுதாசியெல்லாத்தையும் வரிசையா எடுத்து வெச்சுப் படிச்சேன். கொண்டை, கொண்டை, கொண்டை. அப்பா குடுக்கல, வாத்துக்குக் குடுத்தாங்க, போர்த்துகீஸ் கிழவன் குடுக்கல. உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். நம்ம மேஜையில தினமும் காலையில எத்தனை ரொட்டி இருந்துச்சு?

மூணு. உன்னோடது, அப்பாவோடது, என்னோடது.

என் ரொட்டிக் கொண்டை எங்கடா போச்சு?

அம்மா இருந்தவரைக்கும் அவங்க கொண்டை எனக்கு. அவங்க போனப்போ உனக்கு நாலு வயசு, எனக்குப் பதினாறு. மறுநாள் காலையில நீ அழுதுக்கிட்டே இருந்தே. அப்பா அவரோடதைப் பிச்சு உனக்கு வெச்சார். நீ நிறுத்தல. நான் என்னோடதையும் வெச்சேன், நிறுத்தினே. அப்பலேர்ந்து பதினெட்டு வருஷம். நீ தினமும் மூணு கொண்டை தின்னவன். உன்னோடதை ஒரு நாள், ஒரே ஒரு நாள், எந்தப் பக்கமாவது நீட்டியிருக்கியா? நானும் அப்பாவும் மொட்ட ரொட்டிதான் தின்னோம். மிலான்காரன் மேல கோவப்படறியே, உனக்குத்தான் மொட்ட ரொட்டியே தெரியாது.

ஒருத்தர் ஒரு நாள் தன்னோடதைத் தானே தின்னுட்டார். அதுக்கு நாலு மாசமா அழறே.

கடையில ஆள் நிக்கறாங்க.
வெனெரா

ஆகஸ்ட் 11, 1986
கார்தா ஏரி

அக்கா,

உடம்பு எப்படி இருக்கு? இப்ப நெஜமாவே கேக்கறேன்.

நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். நீ குடுத்தே, நான் தின்னேன். எனக்கு வேணும்னு ஒரு தடவை வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? சொல்லாம வெச்சிருந்து பதினெட்டு வருஷம் கழிச்சு மொத்தமா தலையில கொட்டறது என்ன நியாயம்? நாலு வயசுப் பையனுக்கு எப்படித் தெரியும்?

சரி, இருபத்திரெண்டு வயசுப் பையனுக்கும் தெரியல. உன் ரொட்டியை நெனச்சுப் பாக்கறேன். மேல ஒரு குழிதான் ஞாபகம் வருது. உன் ரொட்டி அப்படித்தான் வரும்னு நெனச்சிருந்தேன்.

பேர் நாள் வாழ்த்து. லேட்டு, தெரியும்.

ஒராத்ஸியோ

ஆகஸ்ட் 19, 1986
ஆச்சிரேயாலே

ஒராத்ஸியோவுக்கு அப்பா சொல்றது. எழுதறது நோட்டரி ஸ்குதேரி. எனக்குக் கண்ணு சரியில்ல. வெள்ளையா இருக்கறதெல்லாம் ஒண்ணாத் தெரியுது. கத்தானியா டாக்டர் ஆபரேஷன் கிடையாதுன்னுட்டார். மத்தபடி சுகம்.

ஆமா, தின்னேன். கோவத்துல தின்னேன். அது என் ரொட்டி. தப்புன்னு எழுத மாட்டேன்.

(நோட்டரி: எழுதச் சொல்லிப் பாத்தேன் தம்பி. மசியல.)

விஷயம் இதுதான். உன் அக்கா டீச்சர் வேலைக்குப் போட்டித் தேர்வு எழுதியிருக்கா. ரெண்டு தடவை தோத்துட்டு மூணாவது தடவை லிஸ்ட்ல பேர் வந்துடுச்சு. வடக்கே உதினேயில ஒரு சின்னப் பள்ளிக்கூடம் போட்டிருக்காங்க. செப்டம்பர் பத்தாம் தேதி போய்ச் சேரலன்னா பேரை அடிச்சிடுவாங்க. அந்த உத்தரவு கடுதாசி காப்பிக்கொட்டை டின்னுக்கு அடியில இருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. நான்தான் டின்னைத் தடவித் தடவி எடுக்கறவன், எனக்குத் தெரியாதா? நோட்டரியை விட்டு அதையும் உன் கடுதாசிகளையும் படிக்கச் சொன்னேன்.

என்னை இப்படி விட்டுட்டு அவ போக மாட்டா. போன்னு சொன்னா, எங்கன்னு கேப்பா. உன்னை வான்னு நான் கூப்பிடல. நடக்கறதைச் சொன்னேன்.

உன் அப்பன், ரொசாரியோ

(நோட்டரி: உப்பு விஷயமும் உண்மை. நான் முழுசாக் குடிச்சேன்.)

ஆகஸ்ட் 22, 1986
ஆச்சிரேயாலே

தம்பி,

உடம்பு தேவல. தலைவலியில எழுதிட்டேன் அதையெல்லாம், மனசுல வெச்சுக்காதே. அப்பா நல்லா இருக்கார், கடை நல்லா ஓடுது. கம்பளிக் கோட்டைத் திருப்பிக் குடுத்துடலாம்னு பாக்கறேன், கடைக்காரன் எடுத்துக்க மாட்டேங்கறான்.

நீ சீசனை முழுசா முடிச்சிட்டே வா. தேதி கேட்டேன்ல, அது ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். அவசரமே இல்ல.

தண்ணி நெறைய குடி.
வெனெரா

தந்தி
செப்டம்பர் 3, 1986

கோட்டைத் திருப்பாதே. ஞாயிறு காலை வர்றேன். அப்பா காப்பிக்கொட்டை டின்னைத் தூக்கிப் பாத்தாச்சு. பெட்டியைக் கட்டு. ஒராத்ஸியோ.

செப்டம்பர் 12, 1986
ஆச்சிரேயாலே

அக்கா,

பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுதறேன். நீ பாதி வழியில எறங்கித் திரும்பியிருந்தா இது உன் கைக்கு வராது, வரவும் வேண்டாம். வந்திருந்தா, உக்காந்து படி. குளிருதா? கோட்டுக்குப் பொத்தான் சரியா இருக்கா? இங்க அப்பா சுகம், நான் சுகம், மலை ரெண்டு நாளா கொறட்டை விடுது.

உன்மேல இன்னும் கோவம் போகல, அதை மொதல்ல சொல்லிடறேன். பரீட்சை எழுதினதைச் சொல்லல. அவர் கண்ணைச் சொல்லல. உப்புக் கதையை எழுதி என்னைச் சிரிக்க வெச்சே. நானும் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். அந்த போலந்துக்காரிகிட்ட கூட. இப்ப நெனச்சா எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கணும் போல இருக்கு. "சீசன் எப்ப முடியும்"னு ரெண்டு தடவை கேட்டே. "நான் போகணும், நீ வா"ன்னு ஒரு தடவை கேக்க உனக்கு வாய் வரலையா? உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன, தபால்காரனா?

ஹோட்டலை எப்படி விட்டேன்னு நீ கேட்டே, ரயிலடியில சொல்ல நேரம் இல்ல. கடைசி நாள் கத்தியை ஒளிச்சு வெச்சிட்டேன். நூத்தி நாப்பது ரொட்டியும் கொண்டையோட மேஜைக்குப் போச்சு. மூடியெல்லாம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. பெரேகோ வந்து பாத்துட்டுக் கத்தினார். நான் தொப்பியைக் கழட்டி ஒரு ரொட்டி மேல வெச்சேன், அதுவும் சரியா உக்காரல. அதுக்கப்புறம் அவர் சொன்னதுக்கு நான் நிக்கல.

நீ இங்க இருந்த ரெண்டு காலையும் நான் என் கொண்டையைப் பிச்சு உன் கிளாஸ்ல வெச்சேன். ரெண்டு காலையும் நீ பேச்சு மும்முரத்துல அதை எடுத்து என் கிளாஸ்லயே திருப்பி வெச்சே. ரெண்டாவது நாள் என்னன்னு கேட்டதுக்கு, பழக்கம்னே. பழக்கமாம். எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு.

உன் ரயில் போனதுக்கு மறுநாள் நானும் அவரும்தான் மேஜையில. ரெண்டு ரொட்டி. அவர் தன்னோடதைப் பிச்சார். நான் பாக்காத மாதிரி பாதாமைக் கிண்டிக்கிட்டு இருந்தேன். என் கிளாஸுக்கு வருமா, அவர் வாய்க்குப் போகுமான்னு. ரெண்டும் இல்ல. கையால தடவித் தடவி நீ உக்கார்ற பக்கம் பளிங்குல வெச்சார். வெச்சிட்டு, அங்க யாரும் இல்லன்னு அவருக்கே தெரிஞ்சு, கையை எடுக்காம அப்படியே இருந்தார். நான் என்னோடதையும் பிச்சு அது பக்கத்துல வெச்சேன். அவர் விரல்ல பட்டுச்சு. "ரெண்டா?"ன்னார். "ரெண்டு"ன்னேன்.

நோட்டரி வந்து அந்த நாற்காலியில உக்காரப் பாத்தார், தொரத்திட்டேன். இன்னிக்கும் ரெண்டு வெச்சோம். மத்தியானத்துக்குள்ள காஞ்சு போயிடுது. தபால்ல போட்டா உனக்குக் கல்லாத்தான் வரும். பதினெட்டு வருஷம் நீ எதிர்ல உக்காந்திருந்தப்போ ரெண்டு பேருக்கும் கை வரல, இப்ப காலி நாற்காலிக்குப் படைச்சிக்கிட்டு இருக்கோம். இந்த லட்சணத்துல நான் மிலான்காரனைத் திட்டினேன்.

கிறிஸ்மஸ் லீவுக்கு வா. மூணையும் நீதான் திங்கணும். திருப்பி வெச்சே, சண்டைதான். அங்க காலையில என்ன குடுக்கறாங்க, வாயில வெக்கற மாதிரி இருக்கா? அங்கயும் எதையாவது அறுக்கறாங்கன்னா எழுது, நான்

இரு, அவர் உள்ள எதோ டப்பாவைத் தொறக்கற சத்தம் கேக்குது. சர்க்கரையை நான் இன்னும் எடுத்தே குடுக்கல. போகணும்.